டோங்கா – சமோவா ரக்பி மோதல்: பார்க்க உட்காரும் முன் கேட்கப்படும் கேள்விகள்

ஆஸ்திரேலியாவின் என்.ஆர்.எல். ரக்பி கிளப் தொடர் அக்டோபர் தொடக்கத்தில் முடிந்ததும், அதில் ஆடிய வீரர்கள் அவரவர் நாட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு சர்வதேச ஆட்டங்களுக்குக் கிளம்பிவிடுவார்கள். அந்த அட்டவணையில் டோங்காவும் சமோவாவும் நேருக்கு நேர் வருகிற நாள் இருந்தால் டிக்கெட்டுகள் பறக்கும். அந்த ஆட்டம் நெருங்கும்போதெல்லாம் ரக்பி பழக்கமில்லாத நண்பர்கள் கேட்கிற கேள்விகளை இங்கே ஒரே இடத்தில் சேர்த்து வைக்கிறேன். விளையாட்டு உலகத்தில் இந்த ஒரு மோதலின் மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு, அதனால் சில பதில்கள் நீளமாகத்தான் இருக்கும்.

இது எந்த ரக்பி? இரண்டு வகை இருக்கிறதாமே?

ஆமாம். 15 பேர் ஆடுவது ரக்பி யூனியன், 13 பேர் ஆடுவது ரக்பி லீக். 1895-ல் வட இங்கிலாந்துக் கிளப்கள், ஆட்டத்துக்காக வேலையை விட்டு வரும் சுரங்கத் தொழிலாளிக்கும் ஆலைத் தொழிலாளிக்கும் இழந்த கூலியைக் கொடுக்க வேண்டும் என்று கேட்டன. தலைமை மறுத்தது. அந்தக் கிளப்கள் பிரிந்துபோய் உருவாக்கியதுதான் லீக். நியூசிலாந்து அணியான ஆல் பிளாக்ஸ், ஆறு நாடுகள் கோப்பை என்று நம் காதில் விழுவதெல்லாம் யூனியன்.

டோங்காவும் சமோவாவும் இரண்டிலும் மோதுகின்றன. யூனியன் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன். ஆனால் கடந்த பத்தாண்டுகளில் அரங்கத்தை நிரப்பியதும், தெருவைக் கொடியால் மூடியதும் 13 பேர் ஆட்டம்தான். அதனால் இந்தப் பக்கமும் பெரும்பாலும் அதைப் பற்றியதுதான்.

விதிகள் ஒன்றுமே தெரியாது. குறைந்தபட்சம் எதைத் தெரிந்துகொண்டால் போதும்?

மூன்று விஷயம் தெரிந்தால் ஆட்டம் பிடிபட்டுவிடும்.

பந்தைக் கையால் முன்னோக்கி எறியக்கூடாது. பக்கவாட்டிலோ பின்னாலோதான் கொடுக்கலாம். முன்னேற வேண்டும் என்றால் பந்தோடு ஓட வேண்டும், அல்லது காலால் உதைக்க வேண்டும்.

பந்து வைத்திருக்கும் அணிக்கு ஆறு டாக்கிள்தான் கணக்கு. எதிரணி ஒருமுறை ஆளைப் பிடித்து நிறுத்தினால் ஒரு டாக்கிள். விழுந்தவர் எழுந்து பந்தைக் காலால் பின்னுக்கு உருட்டிவிட, ஆட்டம் மறுபடி தொடங்கும். ஆறாவது டாக்கிளோடு பந்து எதிரணிக்குப் போய்விடும் என்பதால், ஐந்து முடிந்ததும் பெரும்பாலும் உதைத்துவிடுவார்கள். கபடியில் ஏறி வந்தவரை மூன்று பேர் சேர்ந்து மடக்குவதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இந்த டாக்கிள் புதிதாகத் தெரியாது. ஒரே வித்தியாசம், இங்கே வருகிறவர் நூறு கிலோவுக்கு மேல் எடையோடு முழு வேகத்தில் வருகிறார்.

எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் அழுத்தினால் ட்ரை, 4 புள்ளி. அதன்பின் கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் இன்னும் 2. பெனால்டி உதைக்கும் 2. ஆட்டத்தின் போக்கிலேயே பந்தைத் தரையில் தட்டி உதைத்துக் கம்பங்களுக்கு நடுவே அனுப்பினால் 1. அந்த ஒற்றைப் புள்ளியை அலட்சியமாக நினைக்காதீர்கள், டோங்காவுக்கும் சமோவாவுக்கும் பெரிய வெற்றி ஒவ்வொன்றை அதுதான் வாங்கிக்கொடுத்தது. 40 நிமிடம் வீதம் இரண்டு பாதி. விதிகள் அவ்வளவுதான், மிச்சத்தைப் பார்க்கப் பார்க்கக் கற்றுக்கொள்ளலாம்.

இத்தனை சின்ன நாடுகள். இந்த ஆட்டம் ஏன் இவ்வளவு பெரிய விஷயம்?

டோங்காவின் மக்கள்தொகை சுமார் ஒரு லட்சம். சமோவாவுக்குச் சுமார் இரண்டே கால் லட்சம். நம் ஊர்க் கணக்கில் ஒரு நடுத்தர நகராட்சி, ஒரு சின்ன மாநகராட்சி. ஆனால் ஆட்டத்தைப் புரிந்துகொள்ள இந்த எண்களை மட்டும் பார்த்தால் போதாது. நியூசிலாந்தில் மட்டும் சமோவா வம்சாவளியினர் இரண்டு லட்சத்துக்கு மேல், டோங்கா வம்சாவளியினர் ஏறக்குறைய ஒரு லட்சம். ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் இருப்பவர்கள் தனி. வெளியே இருப்பவர்கள் வீட்டுக்கு அனுப்பும் பணம் டோங்காவின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறக்குறைய 40 சதவீதம் வரும். உலகத்தில் மிக உயர்ந்த விகிதங்களில் அது ஒன்று.

இவர்கள் எப்படி அங்கே போனார்கள்? 1950-களிலும் 60-களிலும் நியூசிலாந்துத் தொழிற்சாலைகளுக்கு ஆள் தேவைப்பட்டது, தீவுகளிலிருந்து அழைத்துக்கொண்டார்கள். 1970-களில் பொருளாதாரம் சரிந்ததும் அதே மக்களைப் பாரமாகப் பார்க்கத் தொடங்கினார்கள். விசா காலம் முடிந்து தங்கியவர்களில் பிரிட்டன்காரர்களும் அமெரிக்கர்களும் நிறையப் பேர் இருந்தும், விடியற்காலையில் போலீஸ் கதவைத் தட்டியது பசிபிக் குடும்பங்களின் வீட்டில்தான். 'விடியற்காலைச் சோதனைகள்' என்றே அதற்குப் பெயர். 2021 ஆகஸ்ட் 1 அன்று ஆக்லாந்து நகர மண்டபத்தில் பிரதமர் ஜசிந்தா ஆர்டெர்ன் அரசின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். சமோவா வழக்கப்படி அவர் மேல் பாயைப் போர்த்தி, பிறகு விலக்கினார்கள். தவறு செய்தவர் பாய்க்கடியில் காத்திருப்பதும், பாதிக்கப்பட்டவர் அதை விலக்கி மன்னிப்பதும் அந்த ஊர்ச் சடங்கு.

போலீசுக்குப் பயந்து திரைச்சீலையை இழுத்து மூடியவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்று தெற்கு ஆக்லாந்தில், ஒட்டாஹுஹு பக்கமும் மாங்கெரே பக்கமும், கார் முழுக்கக் கொடியைப் போர்த்திக்கொண்டு வருகிறார்கள். ஆட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே தொடங்கிவிடும். முன்பக்க மூடியில் ஒரு பெரிய கொடி, நான்கு ஜன்னலிலும் சின்னக் கொடிகள், கண்ணாடிகளுக்குக் கூடச் சிவப்புத் துணியுறை. கூரையைத் திறந்து யாராவது ஒருவர் பாதி உடம்பு வெளியே நின்று சங்கு ஊதிக்கொண்டே போவார். போக்குவரத்து நின்றுபோகும், யாரும் அதை அவசரமாகச் சரிசெய்ய மாட்டார்கள். இரண்டு நாட்டுக் கொடியிலும் சிவப்பே பிரதானம் என்பதால் தூரத்திலிருந்து பார்த்தால் குழம்பும். மூலையில் வெள்ளைக் கட்டமும் சிவப்புச் சிலுவையும் இருந்தால் டோங்கா, நீலக் கட்டமும் நட்சத்திரங்களும் இருந்தால் சமோவா. களத்தில் குழப்பமில்லை, டோங்கா சிவப்பு, சமோவா நீலம்.

இரண்டு நாடுகளுக்கும் பழைய பகை ஏதாவது உண்டா?

உண்டு, ஆனால் கசப்பில்லாத பகை. பல நூற்றாண்டுகளுக்கு முன் டோங்காவின் துயி டோங்கா மன்னர்கள் சமோவாவை ஆண்டார்கள். சமோவாவின் வாய்மொழி வரலாற்றில், துனா, ஃபாதா என்ற சகோதரர்கள் படை திரட்டி அவர்களை விரட்டினார்கள். கப்பலேறிய டோங்கா மன்னர் தாலகைஃபைகி, போகும்போது திரும்பிப் பார்த்து, "நன்றாகப் போரிட்டாய், வீரனே" என்ற பொருளில் வாழ்த்திவிட்டுப் போனார். அந்த வாழ்த்தின் சொற்களே 'மலியேதோவா' என்ற பட்டமாயின. சமோவாவின் மிக உயர்ந்த தலைமைப் பட்டங்களில் அது ஒன்று, இன்றும் இருக்கிறது. தோற்றவர் கொடுத்த பாராட்டை ஜெயித்தவர் பட்டமாகச் சூடிக்கொண்ட ஊர் அது.

அதன்பின் திருமண உறவுகள், குருமார்கள், வணிகம் என்று இரண்டும் பின்னிப்போயின. ஆக்லாந்தில் அப்பா டோங்கா, அம்மா சமோவா என்ற வீடுகள் ஏராளம். ஆட்ட நாளன்று அந்த வீட்டுப் பிள்ளைகள் இரண்டு கொடியையும் கட்டிக்கொண்டு வருவார்கள்.

2017-ல் என்னமோ நடந்தது என்கிறார்களே, என்ன அது?

இந்த மோதலின் இன்றைய வடிவம் பிறந்த ஆண்டு அது. அதுவரை என்ன நடந்துகொண்டிருந்தது என்றால், என்.ஆர்.எல். வீரர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் பசிபிக் வம்சாவளியினர். ஆனால் அவர்களில் சிறந்தவர்களை ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் எடுத்துக்கொள்ளும். மிச்சம் இருப்பவர்களை வைத்து டோங்காவும் சமோவாவும் அணி கட்டும். பெரிய அணிகளிடம் அடிவாங்கிவிட்டு வரும்.

2017 உலகக்கோப்பைக்கு முன் ஜேசன் டௌமலோலோ நியூசிலாந்து அணியை உதறிவிட்டு டோங்காவுக்கு ஆடப்போவதாகச் சொன்னார். அப்போது அவர் உலகின் தலைசிறந்த முன்வரிசை வீரர்களில் ஒருவர். ஆண்ட்ரூ ஃபிஃபிட்டா ஆஸ்திரேலியாவை விட்டுவிட்டு வந்தார். இன்னும் சிலர் பின்தொடர்ந்தார்கள். பணமும் கோப்பையும் இருக்கும் பக்கத்திலிருந்து, இரண்டுமே இல்லாத பக்கத்துக்கு இவர்கள் நடந்துபோனார்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது.

நியூசிலாந்தின் ஹாமில்டனில் டோங்கா முதலில் சமோவாவை 32–18 என வென்றது. அடுத்த வாரம் அதே ஊரில் நியூசிலாந்தோடு. பாதி ஆட்டத்தில் 2–16 எனப் பின்தங்கியிருந்த டோங்கா 28–22 என ஜெயித்தது. அரையிறுதியில் இங்கிலாந்து 20–0 என முன்னிலையில் இருக்க, மிச்சம் ஏழு நிமிடம். பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து போகத் தொடங்கும் நேரம். அந்த ஏழு நிமிடத்தில் டோங்கா மூன்று ட்ரை போட்டது. 20–18. கடைசி நொடியில் ஃபிஃபிட்டா கோட்டை நோக்கிப் பாய்ந்தபோது பந்து கையிலிருந்து நழுவியது. நடுவர் வீடியோவுக்குப் போகவில்லை. அது பறிக்கப்பட்டதா, தவறவிட்டதா என்று டோங்காக்காரர்கள் இன்னும் வாதாடிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

இரண்டு வருடம் கழித்து, 2019 நவம்பரில், ஆக்லாந்தின் ஈடன் பார்க்கில் டோங்கா ஆஸ்திரேலியாவையே 16–12 என வீழ்த்தியது. அந்த நேரத்தில் டோங்காவின் ரக்பி லீக் நிர்வாகம் சர்வதேச அமைப்பால் இடைநீக்கம் செய்யப்பட்டிருந்தது. அதனால் நாட்டின் பெயரில் முழு உரிமையோடு ஆட முடியாமல், 'டோங்கா அழைப்பு அணி' என்ற பெயரில்தான் அந்த வெற்றியைப் பெற்றார்கள்.

சமோவா அப்போது எங்கே இருந்தது?

பின்னால்தான். அவர்களுடைய நேரம் 2022-ல் வந்தது. ஒரு வருடம் தள்ளிப்போய் அந்த ஆண்டு இங்கிலாந்தில் நடந்த உலகக்கோப்பைக்கு ஜெரோம் லுவாய், பிரையன் டோஓ, ஸ்டீஃபன் கிரைட்டன் ஆகியோர் வந்தார்கள். பென்ரித் கிளப்புக்காக என்.ஆர்.எல். இறுதி ஆட்டத்தை ஜெயித்த கையோடு சமோவா சட்டையை எடுத்துக்கொண்டவர்கள். ஜூனியர் பவுலோ தலைவர்.

நியூகாசிலில் முதல் ஆட்டம். இங்கிலாந்து 60, சமோவா 6. அத்தோடு கதை முடிந்தது என்று எழுதியவர்கள் நிறையப் பேர். காலிறுதியில் எதிரே வந்தது டோங்கா. சமோவா 20, டோங்கா 18. இரண்டே புள்ளி. பிறகு அரையிறுதியில் மறுபடி அதே இங்கிலாந்து, லண்டனின் எமிரேட்ஸ் அரங்கத்தில். கூடுதல் நேரத்தில் யார் முதலில் புள்ளி எடுக்கிறார்களோ அவர்களுக்கே வெற்றி என்ற நிலையில், கிரைட்டன் அந்த ஒற்றைப் புள்ளி உதையை அனுப்பினார். 27–26. நான்கு வாரத்துக்கு முன் 54 புள்ளி வித்தியாசத்தில் தோற்ற அணி. உலகக்கோப்பை இறுதிக்குப் போன முதல் பசிபிக் தீவு நாடு சமோவா. இறுதியில் ஆஸ்திரேலியா 30–10 என வென்றது. ஆனால் சமோவாவின் தலைநகர் ஆப்பியாவில் அந்த வாரம் நடந்த கொண்டாட்டத்தைப் பார்த்தவர் யாரும் தோற்ற ஊர் என்று சொல்லமாட்டார்கள்.

டோங்காவும் சும்மா இருக்கவில்லை. 2024-ல் ஆக்லாந்தில், கூடுதல் நேரத்தில் ஐசாயா கடோவா அனுப்பிய அதே ஒற்றைப் புள்ளி உதையால் நியூசிலாந்தை 25–24 என வென்று பசிபிக் சாம்பியன்ஷிப் இறுதிக்குப் போனது. அங்கே ஆஸ்திரேலியாவிடம் 14–20 எனத் தோற்றது.

ஒரே வீரர் இரண்டு நாட்டுக்கு ஆடலாமா? இது நியாயமா?

லீக் விதிப்படி ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, இங்கிலாந்து மூன்றும் முதல் நிலை நாடுகள். மற்றவை இரண்டாம் நிலை. பிறப்பு அல்லது பெற்றோர், தாத்தா பாட்டி வழியில் தகுதி இருந்தால், ஒரு வீரர் முதல் நிலை நாட்டிலிருந்து இரண்டாம் நிலை நாட்டுக்கு மாறி ஆடலாம். குயின்ஸ்லாந்துக்கும் நியூ சவுத் வேல்ஸுக்கும் நடுவே நடக்கும் ஸ்டேட் ஆஃப் ஆரிஜின் தொடரில் ஆடிக்கொண்டே சமோவாவுக்கோ டோங்காவுக்கோ ஆடவும் தடையில்லை. பெய்ன் ஹாஸ் ஆஸ்திரேலியாவுக்கு ஆடியவர். 2025-ல் சமோவாவுக்கு வந்தார்.

நியாயமா என்று கேட்கிறவர்களுக்கு என் பதில் இதுதான். பல பத்தாண்டுகளாக வீரர்கள் ஒரே திசையில்தான் போய்க்கொண்டிருந்தார்கள், சின்னத் தீவிலிருந்து பெரிய நாட்டுக்கு. அப்போது யாரும் நியாயம் பேசவில்லை. யூனியனில் மைக்கேல் ஜோன்ஸ் 1986-ல் சமோவாவுக்கு ஒரு டெஸ்ட் (சர்வதேச ஆட்டம்) ஆடிவிட்டு, 1987-ல் ஆல் பிளாக்ஸ் சட்டையில் உலகக்கோப்பை வென்றார். ஆல் பிளாக்ஸ் நட்சத்திரம் ஜோனா லோமுவின் பெற்றோர் டோங்காக்காரர்கள். இப்போது ஓடை கொஞ்சம் மறுபக்கம் திரும்பியிருக்கிறது. அதுவும் நஷ்டத்தோடு திரும்பியிருக்கிறது.  பெரிய நாட்டு அணிகள் கொடுக்கும் சம்பளத்தின் அருகில்கூடத் தீவு அணிகளால் வர முடிந்ததில்லை. தெரிந்துதான் வருகிறார்கள்.

ஆட்டத்துக்கு முன் ஒரு நடனம் உண்டாமே?

உண்டு. தயவுசெய்து அதைத் தவறவிடாதீர்கள், பத்து நிமிடம் முன்னதாகவே உட்கார்ந்துவிடுங்கள்.

டோங்காவுடையது சிபி தாவ். அது கைலாவோ என்ற போர் நடன வகையைச் சேர்ந்தது. அந்த வகை பக்கத்துத் தீவான உவேயாவிலிருந்து டோங்காவுக்கு வந்தது. சமோவாவுடையது சிவா தாவ். நியூசிலாந்தின் ஹாகா நடனத்தை எதிரணி நின்று பார்க்கும், அதுதான் நமக்குப் பழக்கமான காட்சி. இங்கே அப்படியில்லை. இரண்டு அணிகளும் ஒரே நேரத்தில் ஆடும். ஒருவர் குரலை மற்றவர் குரல் அமுக்கப் பார்க்கும். ஆட ஆட முன்னேறுவார்கள். நடுக்கோட்டில் மூக்கோடு மூக்கு உரசும் தூரம்வரை வந்து நிற்பார்கள். நடுவர்கள் இடையில் சிக்கிக்கொண்டு கையை விரித்துத் தடுப்பதையும் பார்க்கலாம். ஒரே கிளப்பில் பத்து மாதம் சேர்ந்து பயிற்சி செய்தவர்கள் அந்த இரண்டு வரிசையிலும் எதிரெதிரே நிற்கிறார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு முகங்களைப் பாருங்கள். சிலர் கண்ணில் தண்ணீர் நிற்கும், அது பயத்தால் வருவதல்ல.

பார்வையாளர் பக்கமும் கவனியுங்கள். டோங்கா ரசிகர்கள் வழக்கமான விளையாட்டுப் பாட்டுகளைவிடத் தேவாலயப் பாடல்களைத்தான் அதிகம் பாடுவார்கள். வெஸ்லியன் கிறிஸ்தவ மரபு வேரூன்றிய நாடு அது. பயிற்சியில்லாத ஆயிரக்கணக்கானோர் தானாகவே நான்கு குரல்களாகப் பிரிந்து பாடுவதை வேறெந்த விளையாட்டு அரங்கத்திலும் நீங்கள் கேட்கப்போவதில்லை. ஆட்டம் முடிந்ததும் இரண்டு அணிகளும் ஒரே வட்டமாக முழங்காலிட்டு ஜெபம் செய்யும். சிவப்பு, நீலம், சிவப்பு, நீலம் என்று கலந்து, ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டபடி. ஒளிபரப்பில் பல சமயம் அதற்குள் விளம்பரத்துக்குப் போய்விடுகிறார்கள், அது எனக்குப் பெரிய வருத்தம்.

கடைசியாக மோதிய பெரிய ஆட்டம் எப்படி இருந்தது?

2025 அக்டோபர் 26, பிரிஸ்பேனின் சன்கார்ப் அரங்கம். 44 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர். இரண்டு தீவு நாடுகள், ஆஸ்திரேலியாவோ நியூசிலாந்தோ களத்தில் இல்லை, அதற்கு இவ்வளவு கூட்டம். பசிபிக் அணிகளுக்குத் தனியாகக் கூட்டம் வராது என்று சொல்லிச்சொல்லி அவர்களுக்கு ஆட்டம் கொடுக்காமலிருந்தவர்கள் வாயை அந்த மாலை அடைத்தது.

ஆட்டம் என்னவோ ஒருதலைப்பட்சம். சமோவா 34, டோங்கா 6. சமோவா அந்த ஆண்டு பசிபிக் சாம்பியன்ஷிப் இறுதிக்குப் போய் நியூசிலாந்திடம் 14–36 எனத் தோற்றது.

ஏன் டோங்காவின் தலைநகர் நுகுஅலோஃபாவிலோ ஆப்பியாவிலோ நடத்துவதில்லை?

நானும் அதைத்தான் கேட்கிறேன். காரணங்களாகச் சொல்லப்படுபவை அரங்கத்தின் அளவு, விளக்கு, ஹோட்டல் அறைகள், ஒளிபரப்பு வசதி, டிக்கெட் வருமானம். ஒவ்வொன்றும் உண்மைதான். ஆனால் இவற்றைச் சரிசெய்யப் பணம் போட வேண்டியவர்கள், இந்தத் தீவுகளின் வீரர்களை வைத்துப் பணம் சம்பாதிப்பவர்கள். யூனியனிலும் இதே கதை. எத்தனையோ சமோவா வம்ச வீரர்களை ஆடவைத்த ஆல் பிளாக்ஸ், சமோவா மண்ணில் முதல் டெஸ்ட் ஆடியது 2015 ஜூலையில்தான். 25–16 என்று ஜெயித்தார்கள், ஆனால் வியர்த்து ஜெயித்தார்கள்.

இன்னொரு சின்ன விஷயம். 1875-ல் எழுதப்பட்ட டோங்காவின் அரசியலமைப்பே ஞாயிற்றுக்கிழமையைப் புனித நாளாக வைத்திருக்கிறது. அங்கே ஞாயிறன்று கடையும் கிடையாது, ஆட்டமும் கிடையாது. வெளிநாட்டில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. மேலே சொன்ன பிரிஸ்பேன் ஆட்டம் நடந்ததே ஞாயிற்றுக்கிழமைதான்.

பிஜி எங்கே? பசிபிக் ரக்பி என்றாலே பிஜி என்றுதானே நினைத்தோம்?

சரியாகத்தான் நினைத்திருக்கிறீர்கள். ஏழு பேர் ஆடும் செவன்ஸில் 2016 ரியோவிலும் டோக்கியோவிலும் ஒலிம்பிக் தங்கம் பிஜிக்குத்தான். 15 பேர் ஆட்டத்திலும் மூன்று தீவுகளில் இன்று பிஜியே முந்தி நிற்கிறது. 2023 உலகக்கோப்பையில் ஆஸ்திரேலியாவை 22–15 என வென்றது. இவர்களின் மோதல் நூறு வருடப் பழசு. 1924 ஆகஸ்டில் ஆப்பியாவில் பிஜியும் சமோவாவும் முதல் சர்வதேச ஆட்டத்தை ஆடியபோது, உள்ளூர்க்காரர்கள் வேலைக்குப் போக வேண்டும் என்று காலை 7 மணிக்கே தொடங்கினார்கள். மைதானத்தின் நடுக்கோட்டில் ஒரு மரம் நின்றதாம். பிஜி 6–0 என வென்று, அங்கிருந்து டோங்காவுக்குப் போய் மூன்று ஆட்டம் ஆடியது. ஒன்று டோங்காவுக்கு, ஒன்று பிஜிக்கு, மூன்றாவது 0–0.

தமிழர்களுக்குப் பிஜி அந்நியமில்லை. 1903 முதல் சென்னை மாகாணத்திலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கரும்புத் தோட்டங்களுக்குப் போனவர்களின் சந்ததி அங்கே இருக்கிறது, நாந்தியில் முருகன் கோயில் இருக்கிறது. ஆனால் அங்கே ரக்பி பெரும்பாலும் பூர்வகுடி இதௌகேய் மக்களின் கிராமத்து ஆட்டம். இந்திய வம்சாவளியினர் கால்பந்துப் பக்கம் போனார்கள்.

15 பேர் ஆட்டத்தில் டோங்காவும் சமோவாவும் எப்படி?

தேர்ந்த நாளில் யாரையும் வீழ்த்துவார்கள். 1991-ல் சமோவா தன் முதல் உலகக்கோப்பையிலேயே கார்டிஃபில் வேல்ஸை 16–13 என வென்று காலிறுதிக்குப் போனது. 2011-ல் வெலிங்டனில் டோங்கா பிரான்ஸை 19–14 என வென்றது. அந்தப் பிரான்ஸ்தான் பிறகு இறுதி ஆட்டத்தில் நியூசிலாந்திடம் ஒரே புள்ளியில் தோற்றது. 2022 முதல், மூன்று வருடம் சர்வதேச ஆட்டம் ஆடாமலிருந்தால் பிறப்பு அல்லது வம்சாவளி உள்ள வேறு நாட்டுக்கு ஒருமுறை மாறலாம் என்று யூனியனிலும் விதி வந்தது. சார்ல்ஸ் பியுட்டாவ், மலாகாய் ஃபெகிதோவா போன்ற முன்னாள் ஆல் பிளாக்ஸ் வீரர்கள் அப்படித்தான் டோங்காவுக்கு வந்தார்கள், லீமா சொபோவாகா சமோவாவுக்கு வந்தார். வழக்கமாக இரண்டும் சந்திப்பது பசிபிக் நாடுகள் கோப்பையில்.

நம் நேரத்துக்கு எத்தனை மணிக்கு வரும்?

ஆட்ட நேரத்தை உள்ளூர் நேரத்தில்தான் அறிவிப்பார்கள், கழித்துக்கொள்ளுங்கள். இந்திய, இலங்கை நேரத்தைவிடப் பிரிஸ்பேன் நாலரை மணி நேரம் முன்னால். அக்டோபர், நவம்பரில் சிட்னி ஐந்தரை மணி நேரம், ஆக்லாந்து ஏழரை மணி நேரம் முன்னால். அதாவது பிரிஸ்பேனில் மாலை 4 மணி ஆட்டம் நமக்குக் காலை 11.30. ஆக்லாந்தில் இரவு 8 மணி என்றால் நமக்கு மதியம் 12.30. சிங்கப்பூர், மலேசியாவில் இருப்பவர்களுக்குப் பிரிஸ்பேன் இரண்டு மணி நேரம்தான் முன்னால்.

டோங்காவும் சமோவாவும் நமக்கு ஏழரை மணி நேரம் முன்னால். சமோவா 2011 வரை தேதிக்கோட்டின் மறுபக்கம் இருந்தது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்தோடு ஒரே கிழமையில் வேலை செய்வதற்காக, அந்த டிசம்பர் 30-ஐ நாட்காட்டியிலிருந்தே தாண்டிக் குதித்து இந்தப் பக்கம் வந்துவிட்டது.

அடி பலமாக இருக்குமே, பிள்ளைகளோடு பார்க்கலாமா?

பார்க்கலாம். தலையில் அடிபட்டதாகச் சந்தேகம் வந்தால் வீரரை வெளியே எடுத்து மருத்துவர் பரிசோதிக்க வேண்டும், தலைக்கு நேரான டாக்கிளுக்குக் கடும் தண்டனை. ஆனாலும் முதல் பத்து நிமிடம் பயமாகத்தான் இருக்கும். விதிகளை முன்பே சொல்லிக்கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள்.

இந்த முறை யார் ஜெயிப்பார்கள்?

2017-ல் டோங்கா 14 புள்ளியில், 2022-ல் சமோவா 2 புள்ளியில், 2025-ல் சமோவா 28 புள்ளியில். பெரிய மேடைகளில் இவர்கள் சந்தித்ததன் சுருக்கம் இது. இதை வைத்துச் சமோவா என்று சொல்லிவிடலாம், ஆனால் அணிப் பட்டியல் வராமல் நான் சொல்லமாட்டேன். நீண்ட சீசன் முடிந்து வருகிறவர்கள் என்பதால் முழங்கால், தோள்பட்டை என்று யார் யார் கழன்றுபோவார்கள் என்பது கடைசி வாரம்தான் தெரியும்.

ஆட்டம் தொடங்கியதும் முதல் இருபது நிமிடம் நடுவில் ஓடும் கனத்த முன்வரிசைக்காரர்களைப் பாருங்கள். டோங்காவின் பலம் எப்போதும் அங்கேதான். அவர்கள் ஒவ்வொரு ஆறு டாக்கிள் செட்டிலும் 50 மீட்டருக்கு மேல் முன்னேறினால் கடோவா போன்ற ஒரு ஹாஃப் (ஆட்டத்தை வழிநடத்தி உதைப்பவர்) நிதானமாக உதைக்க இடம் கிடைக்கும். ஹாஸ் ஆடி, டோங்காவை நடுவில் நிறுத்திவிட்டால் லுவாயின் கைக்குப் பந்து வேகமாக வரும். அதன்பின் ஓரத்தில் டோஓ இருக்கிறார். உயரம் கம்மி, ஆனால் அவரைக் கீழே தள்ள மூன்று பேர் வேண்டும். இடைவேளைக்கு எட்டு புள்ளிக்குள் வித்தியாசம் இருந்தால் டோங்கா, அதற்கு மேல் சமோவா முன்னால் போயிருந்தால் சமோவா. என் கணக்கு இதுதான்.